இத்தாலிய வினைவடிவங்களில் அசையும் அழுத்தமும்: ஒரு வரலாற்று நோக்கு

இத்தாலிய மொழியில் 'காந்தோ' என்னும் வினையின் முதலசை அழுத்தம் பெற்றால் 'பாடுகிறேன்' என்றும், ஈற்றசை அழுத்தம் பெற்றால் 'பாடினான்' என்றும் பொருள்படும். தமிழில் அசையழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. ஆதலின் இவ்வேறுபாடு நமக்குப் புதிது. கற்போர் இதனை மனப்பாடத்திற்குரிய வாய்பாடாகவே கொள்வர். ஆயின் அழுத்தம் நிற்கும் இடம் தற்செயலானதன்று. இலத்தீனிலிருந்து இத்தாலியன் உருவான வரலாற்றின் எச்சமே அது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

செவ்வியல் இலத்தீனில், மூவசையும் அதற்கு மேலும் உடைய சொற்களில், ஈற்றயலசை நெடிலாகவோ ஒற்றடுத்தோ வரின் அதுவே அழுத்தம் பெறும். அன்றேல் அதற்கு முன்னுள்ள அசை பெறும். இவ்விதிப்படி 'பாடினான்' எனப் பொருள்படும் 'காந்-தா-விட்' என்பதில் நடுவசை அழுத்தம் பெற்றது. பேச்சுவழக்கில் இத்தகைய வடிவங்களின் இறுதி உயிர் தேய்ந்தது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரின் சுவர்க் கிறுக்கல்களிலேயே இத்தேய்வைக் காணலாம். ஈறு தேய்ந்தும் அழுத்தம் இடம் பெயரவில்லை. நடுவசையாக இருந்தது ஈற்றசையாயிற்று.

எதிர்கால வடிவமான 'காந்-தெ-ரோ' (பாடுவேன்) என்பதும் ஈற்றழுத்தம் உடையது. எனினும் அதன் தோற்றம் வேறு. 'பாட' என்னும் பொருளுடைய 'காந்தாரே'யுடன் 'உடையேன்' என்னும் துணைவினை ஒட்டியது. துணைவினையின் அழுத்தமே ஈற்றில் நிலைத்தது. 'காந்-த-னோ' (பாடுகிறார்கள்) இதற்கு மறுதலை. ஈரசையான 'காந்-தந்த்' என்னும் இலத்தீன் வடிவம் பின்னர் 'னோ' என்னும் ஈற்றைப் பெற்றது. அழுத்தமோ முதலசையிலேயே நின்றது.

அசைப்பிரிப்பும் வினையடியை மாற்றியுள்ளது. இலத்தீனின் குறில் எகரம், அழுத்தம் பெற்று உயிரில் முடியும் அசையில் 'இயே' என விரிந்தது. 'வியே-னே' (வருகிறான்) அத்தகையது. 'வெங்-கோ' (வருகிறேன்) என்பதில் அசை ஒற்றில் முடிவதாலும், 'வெ-னீ-தே' (வருகிறீர்கள்) என்பதில் அழுத்தம் அடுத்த அசைக்குச் சென்றதாலும் எகரம் விரியவில்லை.

தாந்தே தம் பெருங்காப்பியத்தில் ஆண்ட பதினோரசை அடிக்கும் இவ்வழுத்தமே அடிப்படை. அவ்வடியில் பத்தாம் அசை அழுத்தம் பெறுதல் வேண்டும். அடியிறுதியில் இறந்தகாலக் 'காந்தோ' நிற்பின் அசை பத்தாகும். 'காந்தனோ' நிற்பின் பன்னிரண்டாகும். எனினும் மூன்றும் பதினோரசை அடியென்றே பெயர் பெறும்.

ஆகவே, ஈறு தேய்தல், துணைவினை ஒட்டுதல், புதிய ஈறு சேர்தல் ஆகிய மூன்று மாற்றங்களையும் கடந்து அழுத்தம் தன் பழைய அசையிலேயே நிலைத்துள்ளது. விதிவிலக்குகளாகத் தோன்றுபவை உண்மையில் வரலாற்றுச் சான்றுகளே என்பது தெளிவாகிறது.