பதினைந்தாம் தேதியின் உறுதி: பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மகளிர் உரிமைத் தொகையை மதிப்பிடல்

குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில் தொடங்கிவைத்தார். பணம் வழங்கும் விழா செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் நடந்தது. விண்ணப்பம் வாங்கும் வேலை தருமபுரியில் தொடங்கியதில் ஒரு வரலாற்றுப் பொருத்தம் இருக்கிறது. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முளைவிட்டது இதே மாவட்டத்தில்தான்; அப்போது கிருஷ்ணகிரியும் இதனுள் அடங்கியிருந்தது. ஏழைப் பெண்ணைச் சேமிக்க வைத்து, கடன் கொடுத்து, தவணை கட்டப் பழக்குவது அந்தத் திட்டத்தின் வழி. திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தை அரசே மாதாமாதம் அவள் கணக்கில் போடும் திட்டத்துக்கு வந்து சேர முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆயின.

இப்படிப்பட்ட திட்டத்தின் பயனை எதைக் கொண்டு அளப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொதுவெளியிலும் ஆய்வுக் கூட்டங்களிலும் முதலில் எழுவது, ‘ஆயிரம் ரூபாயை என்ன செய்தார்கள்?’ என்பது. மளிகை, மருந்து, பள்ளிச் செலவு, எரிவாயு உருளை, குழுக்கடன் தவணை என்று பதில்கள் அடுக்கப்படுகின்றன. இந்தக் கேள்வியால் பெரிதாக எதுவும் தெரியவராது என்பது என் கருத்து. பணத்துக்கு அடையாளம் கிடையாது. உரிமைத் தொகையில் அரிசி வாங்கியதாகச் சொல்பவர், அரிசிக்கு வைத்திருந்த கூலிக் காசை வேறெதற்கோ செலவிட்டிருப்பார். மேலும், சம்பளம் வாங்கும் அரசு ஊழியரிடம் யாரும் கேட்காத கணக்கை ஏழைப் பெண்ணிடம் மட்டும் கேட்பது ஆய்வாகாது, மேற்பார்வையாகும்.

அளக்க வேண்டியவை வேறு. அவற்றைப் பாப்பிரெட்டிப்பட்டியில் நின்று பார்ப்பது எளிது. சேர்வராயன் மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் இந்தத் தாலுகாவில் வாணியாறு அணையின் தண்ணீர் எட்டுகிற இடத்தில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைகின்றன. எட்டாத மேட்டு நிலத்தில் மரவள்ளியும் மானாவாரிப் பயிர்களும். மழை தவறினால், அல்லது மரவள்ளிக் கிழங்கின் விலை சரிந்தால், பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் புறப்படுகிறார்கள். இங்கே வருமானம் குறைவு என்பது பாதி உண்மை. அது எந்த நாளில், எவ்வளவு வரும் என்று தெரியாது என்பது மறுபாதி. செலவோ தேதி தவறாமல் வருகிறது. நுண்கடன் நிறுவனத்தின் ஆள் வாரந்தோறும் அதே கிழமையில் வாசலில் நிற்கிறார். கடன் வசூலில் நடக்கும் அடாவடியைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

ஆகவே, ஆயிரம் ரூபாயின் அளவைவிட, அது மாதந்தோறும் பதினைந்தாம் தேதி தவறாமல் வருவதே முதல் பயன் என்று வாதிடுகிறேன். இதற்குச் சான்று அயல்நாட்டு ஆய்விலும் உண்டு, நம் ஊர் நடப்பிலும் உண்டு. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் மேயர் மைக்கேல் டப்ஸ் முன்னின்று 2019 பிப்ரவரியில் தொடங்கிய சோதனையில், 125 பேருக்கு மாதம் 500 டாலர் வீதம் இரண்டு ஆண்டுகள் வழங்கப்பட்டது. ஓராண்டில் முழுநேர வேலையில் இருந்தோர் விகிதம் 28-லிருந்து 40 விழுக்காடாக உயர்ந்ததைத்தான் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. ஆனால் அந்த ஆய்வு மாதத்துக்கு மாதம் வருமானம் ஏறி இறங்கும் அளவையும் கணக்கிட்டது; பணம் பெற்ற குழுவில் அது 46 விழுக்காடு, பெறாத குழுவில் 67. நமக்கு வேண்டிய பாடம் இந்த இரண்டாவது கணக்கில் இருக்கிறது.

இங்கே நடந்தது இன்னும் தெளிவு. 2024-25 நிதியாண்டின் பிற்பகுதியில் ஒன்றிய அரசு நிதி விடுவிக்காததால் நூறு நாள் வேலைக் கூலி தமிழகமெங்கும் மாதக்கணக்கில் நின்றுபோனது. 1,056 கோடி ரூபாய் நிலுவை என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏரி வேலைக்கும் வரப்பு வேலைக்கும் போய் மண் சுமந்து முடித்தும் கூலி வராத அந்த மாதங்களில், சட்டப்படியான வேலை உறுதி பொய்த்தது. உரிமைத் தொகை வந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் தொகை பெற்ற குடும்பமும் பெறாத குடும்பமும் வெளியில் வாங்கிய கடன் எவ்வளவு, என்ன வட்டிக்கு என்று ஒப்பிட்டால், திட்டத்தின் உண்மையான எடை தெரிந்துவிடும். ஆயிரம் ரூபாய் ஒரு கடனை அடைக்காது. ஆனால் நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கைநீட்டுவதை ஒரு மாதம் தள்ளிப்போடும், அல்லது செங்கல் சூளை முன்பணத்தை மறுக்கும் துணிவைத் தரும். மதிப்பீட்டுப் படிவத்தில் இருக்க வேண்டிய கேள்விகள் இவையே: போன ஆண்டு முன்பணம் வாங்கினீர்களா? இந்த ஆண்டு? கூலி குறைவென்று எந்த வேலையையாவது வேண்டாம் என்று சொன்னீர்களா? ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது?

எதிர்பார்ப்பின் அளவும் சரியாக இருக்க வேண்டும். அடிப்படை வருமானத்தை ஆதரிப்போர் அடிக்கடி மத்தியப் பிரதேசத்தை மேற்கோள் காட்டுவர். சேவா அமைப்பு யுனிசெஃப் ஆதரவோடு 2011 முதல் அங்கே நடத்திய சோதனையில் சத்துணவு மேம்பட்டது, பெண் பிள்ளைகள் கூடுதலாகப் பள்ளிக்குப் போனார்கள், கால்நடை பெருகியது, கூலி வேலையிலிருந்து சொந்த நிலத்து வேலைக்கு மக்கள் நகர்ந்தார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 200, ஒவ்வொரு குழந்தைக்கும் 100 ரூபாய் தரப்பட்டது. ஓராண்டு கழித்து அது 300, 150 ஆனது. இரண்டு பெரியவர், மூன்று குழந்தைகள் உள்ள வீட்டுக்குத் தொடக்கத்திலேயே 700 ரூபாய். அன்றைய 700 ரூபாய் 2023 விலையில் ஏறத்தாழ இருமடங்கு. நம் திட்டமோ வீட்டுக்கு ஆயிரம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 200 ரூபாய். அந்தச் சோதனையின் விளைவுகளை இங்கே தேடிவிட்டு, காணவில்லை என்று திட்டத்தைத் தள்ளுவது தவறு. அந்த விளைவுகள் இங்கேயும் வந்துவிட்டதாக மேடையில் சொல்வதும் அதே அளவுக்குத் தவறு.

அந்த ஆயிரத்தின் மதிப்பும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2023-24-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள் கூலி 294 ரூபாய், 2025-26-இல் 336. தொடங்கும்போது மூன்று நாளுக்கு மேற்பட்ட கூலியாக இருந்த தொகை, இரண்டே ஆண்டில் மூன்று நாள் கூலிக்கும் கீழே வந்துவிட்டது. தொகையைத் தேர்தலுக்குத் தேர்தல் உயர்த்துவதாக வாக்களிப்பதைவிட, ‘மூன்றரை நாள் கூலி’ என்று விதியில் எழுதிவிடுவது நேர்மையான வழி. அப்படி எழுதியிருந்தால் 2025-26-இல் அது 1,176 ரூபாயாக இருந்திருக்கும்.

இனி திட்டத்தின் வாசலில், அதாவது தேர்வில், நடந்ததைப் பார்க்கலாம். என் பார்வையில் இந்தத் திட்டத்தின் முதன்மையான கண்டறிவு பயனாளிகளிடம் இல்லை, நிராகரிக்கப்பட்டவர்களிடம் இருக்கிறது. முதல் சுற்றில் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன; 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வாயினர். ஏறத்தாழ 56 லட்சம் பேருக்கு இல்லை என்ற பதில் போனது. மேல்முறையீடு செய்தவர்கள் 11 லட்சத்து 85 ஆயிரம் பேர்; அவர்களில் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர் தகுதியானவர்கள் என்று 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இந்தக் கடைசி மூன்று எண்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். முறையிட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் தகுதியானவர்கள் என்றால் முதல் வடிகட்டலில் பிழை மிகுதி. நிராகரிக்கப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் முறையிடவே இல்லை. தங்களுக்குத் தகுதி உண்டென்று நம்பியவர்களே முறையிட்டிருப்பார்கள், ஆகவே மற்றவர்களிடையே அந்த விகிதம் குறைவாக இருக்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் முறையிட இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும், குறுஞ்செய்தியை வாசிக்க வேண்டும், முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும். இதைச் செய்ய இயலாதவர்கள் யார் என்பது இந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

விதிகளும் இங்குள்ள வாழ்க்கையோடு ஒட்டவில்லை. நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கர் வரை தகுதி உண்டு. தாத்தா பெயரில் பிரியாமல் கிடக்கும் கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி நால்வரின் குடும்பங்கள் பிழைக்கும்போது யார் கையில் எத்தனை ஏக்கர் என்று ஆவணம் சொல்லாது. ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்ற வரம்பு, ஒரே மீட்டரில் இரண்டு அடுப்பு எரியும் வீட்டைப் பணக்கார வீடாகக் காட்டிவிடும். அதைவிடக் கடினமானது ஓய்வூதியம் பெறுவோர் பற்றிய விதி. பெண்ணின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்றுதான் அரசு இத்திட்டத்தை விளக்கியது. விளக்கம் நியாயமானது: 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 88. ஆனால் விதவை ஓய்வூதியமாக 1,200 ரூபாய் பெறும் பெண்ணுக்கு உரிமைத் தொகை கிடையாது. கணவனை இழந்தவளின் உழைப்பு அங்கீகாரத்துக்கு உரியதல்லவா? இழப்புக்கான உதவியையும் உழைப்புக்கான உரிமையையும் ஒரே கணக்கில் கழித்துக்கொள்வது, திட்டம் தன் அடிப்படைக் கொள்கையையே மறப்பதாகும்.

அரசின் சரிபார்ப்பு என்பது எல்லா ஊரிலும் ஒரே பொருள் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சோதனை என்று நுழைந்து செய்த கொடுமைகளுக்கான தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29 அன்று, முதல் உரிமைத் தொகை வரவான இரண்டு வாரத்தில். அதிகாரி வாசலுக்கு வருவதை இந்த மலைப்பகுதிப் பழங்குடிப் பெண்கள் எந்த நினைவோடு பார்ப்பார்கள் என்பதை, சென்னையில் வரையப்படும் கள ஆய்வுப் படிவம் அறியாது. விண்ணப்பிக்காமலே விட்டவர்களை எண்ணாத எந்த மதிப்பீடும் இங்கே குறைபட்டதே. மலையிலிருந்து பணம் எடுக்க இறங்கி வருபவர் இழக்கும் ஒரு நாள் கூலியையும் வண்டிச் செலவையும் கழித்தபின் ஆயிரத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். திட்டம் தொடங்கிய மாதத்திலேயே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று இந்தத் தொகையில் கைவைத்தன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தலையிட்டுக் கண்டிக்க வேண்டியிருந்தது.

முறையியல் பற்றிச் சுருக்கமாக. திட்டம் தொடங்குமுன் ஒப்பீட்டுக் குழு எதுவும் வகுக்கப்படவில்லை. மக்களுக்குச் சேர வேண்டிய பணத்தைச் சோதனைக்காகச் சிலருக்கு நிறுத்திவைப்பது சரியல்ல என்பதால் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். விதிகளே ஒப்பீட்டுக்கு வழிவிட்டிருக்கின்றன. 3,550 யூனிட் எரித்த வீடும் 3,650 யூனிட் எரித்த வீடும் வாழ்நிலையில் ஒன்றே. ஒன்றுக்குப் பணம் வந்தது, மற்றதற்கு வரவில்லை. மின்வாரியப் பதிவும் விண்ணப்பப் பதிவும் அரசிடமே இருக்கின்றன. பெயர் நீக்கிய தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டால், வரம்பின் இருபுறமும் உள்ள வீடுகளின் கடனையும் இடப்பெயர்வையும் ஒப்பிடலாம். வயது வரம்பு இதற்கு உதவாது. இருபத்தொரு வயதில் குடும்பத் தலைவியாக இருப்போர் மிகக் குறைவு. 2025 டிசம்பரில் விதிகள் தளர்ந்து சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 17 லட்சம் பேரும் ஓரளவுக்கே ஒப்பீடாவார்கள். அவர்களில் பலர் வேறு அளவுகோலில் உள்ளே வந்தவர்கள்.

செலவைப் பற்றிய அச்சத்துக்கும் பதில் வேண்டும். 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கியது 13,807 கோடி ரூபாய். பெரிய தொகைதான், ஆனாலும் மாநிலத்தின் வருவாய்ச் செலவில் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: 500 பெண்கள் தொகை பெறும் ஓர் ஊராட்சிக்குள் ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வருகிறது. அதில் பெரும்பகுதி அந்த ஊர் மளிகைக் கடையிலும் பொம்மிடிச் சந்தையிலும் கடத்தூர் மருந்துக் கடையிலும் புழங்கும் பணம். கென்யாவில் கிராமங்களுக்கு நேரடிப் பணம் தந்தபோது ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர்ப் பொருளாதாரம் ஏறத்தாழ இரண்டரை டாலர் பெருகியதாக ஆய்வு கண்டது. அந்த எண்ணை இங்கே அப்படியே பொருத்தமாட்டேன். அங்கே கொடுத்தது மாதாமாதம் வரும் சிறு தொகையல்ல, சில தவணைகளில் தந்த பெருந்தொகை. ஆனால் கடைக்காரரின் கணக்கு நோட்டும் மதிப்பீட்டுக்குரிய ஆவணமே என்று அது காட்டுகிறது.

இந்த வாதங்களிலிருந்து நான் வந்தடையும் பரிந்துரை ஒன்றே. வறண்ட, மலைசார்ந்த தாலுகாக்களில் வடிகட்டலைக் கைவிட வேண்டும். வருமான வரி கட்டுவோரையும் அரசு ஊழியரையும் மட்டும் நீக்கிவிட்டு, குடும்ப அட்டை உள்ள வீட்டுக்கெல்லாம், விதவை ஓய்வூதியம் பெறுபவர் உட்பட, தொகை தர வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஓரிடத்தில் தவறாக உள்ளே வருபவர்களால் கூடும் செலவு சிறிது. தவறாக வெளியே நிறுத்தப்பட்டவர்களின் இழப்பு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய், வட்டி தனி. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தாலுகாவில் இப்படிச் செய்து, அண்டைத் தாலுகாவோடு ஒப்பிட்டால் போதும். விண்ணப்பப் பதிவைத் தொடங்கிவைத்த மாவட்டத்திலேயே அதைச் செய்யலாம். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் அறிவிப்பும் மாவட்ட ஆட்சியருக்கு ஓர் அரசாணையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.