சட்டத்தின் சொல்லும் சிறையின் கதவும்

மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லவிருந்த இளைஞர் ஒருவர் முகப்பேரில் என் இல்லத்திற்கு விடைபெற வந்திருந்தார். பேச்சினிடையே, "ஹஜ்ரத், அந்நாட்டின் அரசியல் சாசனத்தைப் பார்த்துத்தான் நம்முடையதை எழுதினார்கள் என்கிறார்களே, உண்மைதானா?" என வினவினார். "எடுத்துக்கொண்டதும் உண்டு, எடுக்காமல் விட்டதும் உண்டு. விட்டதன் வரலாற்றையே நாம் முதலில் அறிய வேண்டும்" என்றேன். அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்துரைக்கிறேன்.

1787-இல் பிலடெல்பியா நகரில் கூடி அமெரிக்க சாசனத்தை வரைந்தோர், பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்ற தலைமுறையினர். அதிகாரம் எவர் கையில் இருப்பினும் அதனைக் கண்மூடி நம்பலாகாது என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். ஆகவே சட்டம் இயற்றும் பொறுப்பைக் காங்கிரஸுக்கும், அதனை நிறைவேற்றும் பொறுப்பைக் குடியரசுத் தலைவருக்கும், வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை நீதிமன்றத்திற்கும் பிரித்தளித்தனர். மைய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலும் அதிகாரத்தைப் பங்கிட்டனர். சாசனத்திற்கு முரணான சட்டம் செல்லாது என அறிவிக்கும் உரிமை நீதிமன்றத்திற்கு உண்டு என்பதை, 1803-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஒரு தீர்ப்பின் வாயிலாக நிலைநாட்டினார்.

1791-இல் அச்சாசனத்துடன் உரிமைகள் குறித்த பத்துத் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஐந்தாவது, உரிய சட்டநெறியின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்கிறது. 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா வரை வேரோடிய கருத்து இது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1868-இல் பதினான்காவது திருத்தம் மாநில அரசுகளையும் இக்கட்டுக்குள் கொணர்ந்தது. ஒருவரைச் சிறையிலிடச் சட்டம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அச்சட்டமும் அதன் வழிமுறையும் நேர்மையானவையா என நீதிமன்றம் வினவலாம் என்பதே 'உரிய சட்டநெறி' என்னும் சொற்களின் உட்பொருள்.

ஆயினும் இச்சொற்கள் தவறான கைகளுக்கும் கருவியாயின. 1857-இல் ட்ரெட் ஸ்காட் என்னும் அடிமை தம் விடுதலை கோரிய வழக்கில், எசமானரின் உடைமையுரிமையைக் காக்கவே அந்நீதிமன்றம் இவற்றை எடுத்தாண்டது. ரொட்டிச் சூளைத் தொழிலாளரின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணியாக வரையறுத்த நியூயார்க் மாநிலச் சட்டத்தை 1905-இல் செல்லாதென்றதும் இவற்றின் பெயராலேயே.

இவ்வரலாறுதான் நம் சாசனத்தை வரைந்தோரைத் தயங்கச் செய்தது. அரசியல் நிர்ணய சபை 1947-இல் முதலில் ஏற்றிருந்தது அமெரிக்கச் சொற்களையே. அவ்வாண்டின் இறுதியில் சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் சட்டத்தைச் சில நீதிபதிகள் தள்ளுபடி செய்வது மக்களாட்சிக்கு ஒவ்வாது என்பது அவர் கூறிய எச்சரிக்கை. அதன்பின் வரைவுக் குழு அச்சொற்களை நீக்கி, ஜப்பானிய சாசனத்தைப் பின்பற்றி 'சட்டம் வகுத்த நடைமுறை' என மாற்றிற்று.

1948 டிசம்பரில் இது விவாதத்திற்கு வந்தபோது, மத்திய மாகாணத்தைச் சேர்ந்த காஸி சையித் கரீமுத்தீனும், நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மஹ்பூப் அலி பெய்க் சாஹிபும் பழைய சொற்களுக்காக வாதாடினர். ஜப்பானிய சாசனத்திலிருந்து ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குக் காவலாக அங்கே நிற்கும் ஏனைய பிரிவுகளை விட்டுவிட்டீர்களே என பெய்க் சாஹிப் சுட்டிக்காட்டினார். அதே மாகாணத்தின் சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரோ, அமெரிக்க அனுபவத்தைக் காட்டி மறுத்தார். இருபுறமும் ஆபத்து உண்டெனக் கூறிய டாக்டர் அம்பேத்கர், முடிவைச் சபையிடமே விட்டார். டிசம்பர் 13-இல் திருத்தங்கள் தோற்றன. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யவே, கைதானவரின் உரிமைகளைக் கூறும் இன்றைய 22-ஆவது பிரிவை 1949 செப்டம்பரில் அம்பேத்கர் முன்மொழிந்தார்.

விட்டுப்போன சொற்களின் விலை விரைவிலேயே தெரிந்தது. சாசனம் நடைமுறைக்கு வந்த மறுமாதமே, 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் பிறந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த மலபாரின் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் ஏற்கெனவே சிறையில் இருந்தார். மார்ச் 1-ஆம் நாள் சிறைக்குள்ளேயே அவருக்குப் புதிய ஆணை வழங்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். மே 19-ஆம் நாள், ஆறு நீதிபதிகளுள் பெரும்பான்மையோர் அவர் மனுவைத் தள்ளினர். சட்டமன்றம் இயற்றிய சட்டம் காட்டும் வழியே 'சட்டம் வகுத்த நடைமுறை'. அது நேர்மையானதா என ஆராய்வது தம் வேலையன்று என்பது அவர்கள் கண்ட பொருள்.

அப்பொருளை ஏற்காமல் தனித்து நின்றவர் நீதிபதி சையித் ஃபஸ்ல் அலி. பின்னாளில் மாநிலச் சீரமைப்பு ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. குற்றச்சாட்டை அறிவித்தல், எதிர்வாதத்திற்கு வாய்ப்பளித்தல், நடுநிலையான மன்றம், ஒழுங்கான விசாரணை ஆகிய நான்கும் இல்லாதது நடைமுறையே ஆகாது என எழுதினார். இருதரப்பையும் கேளாமல் காழி தீர்ப்புரைக்கலாகாது என ஃபிக்ஹு நூல்களில் ஓதியவர்களுக்கு இக்கருத்து புதிதன்று.

தனிக்குரல் வீண்போகவில்லை. ஆனால் காலம் பிடித்தது. நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், காவலில் வைக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாடவே வழியில்லை எனப் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. அன்று மறுத்தவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே. 1978 ஜனவரி 25-ஆம் நாள், கடவுச்சீட்டு முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில்தான், நடைமுறை என்பது நியாயமும் நேர்மையும் உடையதாக இருத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் உரைத்தது. ஃபஸ்ல் அலி சொன்னது அரங்கேற இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்போ 2017-இல்தான் தவறென அறிவிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? அமெரிக்க சாசனத்தில் அச்சொற்கள் இருந்தன. ஆயினும் அடிமைக்கு நீதி கிட்டவில்லை. நம் சாசனத்தில் அவை இல்லை. ஆயினும் நீதிபதிகள் அவற்றின் பொருளை மீட்டெடுத்தனர். சொல் வேலி மட்டுமே. வேலிக்கும் காவல் வேண்டும். அக்காவல் நீதிபதியின் மனசாட்சியிலும் குடிமக்களின் விழிப்பிலும் இருக்கிறது. கோபாலனின் அரசியல் கொள்கை நமக்கு ஏற்புடையதா என்பதன்று கேள்வி. நமக்கு உடன்பாடில்லாத ஒருவருக்காகவும் நீதியின் கதவு திறந்திருந்தால்தான், நாளை நாம் தட்டும்போது அது திறக்கும்.

விடைபெறுகையில் அந்த இளைஞரிடம் சொன்னேன்: "அந்நாட்டின் சாசனத்தைக் கற்று வாருங்கள் தம்பி. ஆனால் போவதற்குமுன் நம் சாசனத்தின் 21-ஆவது பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரே வரிதான்."