உருக்கும் உழைப்பாளர் உயிரும்

தன்னாமுனையிலிருந்து வடக்கே செல்லும் வீதியில் உள்ளது வாழைச்சேனை. அங்கே 1956இல் திறக்கப்பெற்ற காகித ஆலை நம் வயல்களின் வைக்கோலைக் காகிதமாக்கிற்று. வைக்கோல் கூழாவதற்கு, மூடிய கலத்துள் காரக் கரைசலோடு கொதிநீராவியின் அமுக்கத்தில் அவிதல் வேண்டும். அத்தகைய கலத்தின் அருகே நிற்பவன் தொழிலாளி.

1905இல் அமெரிக்காவின் புரொக்டன் நகரச் சப்பாத்துத் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். அதன் பின்னரே, 1907இல், மசசூசெட்ஸ் மாநிலம் கொதிகலன் சட்டம் இயற்றிற்று. அவ்விதிகளைப் பெற்றுத் தந்தவை உழைப்பாளர் உயிர்களே.

1913இல் செபீல்டு நகரில், உருக்காலைத் தொழிலாளியின் மகன் ஹரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் தேயாதிருக்க வழி தேடுகையில் கறையில் உருக்கைக் கண்டார். குரோமியத்தால் உண்டாகும் மெல்லிய ஒட்சைட்டுப் படலமே அதன் காவல். அக்காவலுக்கும் பகையுண்டு, அது உப்பு. 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்ட உருக்கும், சூடான குளோரைட்டுக் கரைசலில் இழுவிசைக்கு உட்பட்டால், வெளியே துருக் காட்டாமலே பிளவுறக்கூடும். 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்ப்பின் குழிவிழுதல் குறையும். பிளவபாயம் முற்றாக நீங்காது.

ஆகவே, உலோகத் தேர்வு விலைப்பட்டியலோடு முடியும் காரியமன்று. கலத்துள் இருப்பது யாது? சூடு எவ்வளவு? அமுக்கம் எவ்வளவு? இவற்றைக் கேட்கும் உரிமை கலத்தருகே நிற்பவனுக்கும் உண்டு. வாவிக்கரையின் உப்புக்காற்றில் வளரும் நம் மாணவர், இரசாயனத்தைப் பரீட்சைக்காக மட்டும் பயிலலாகாது.