கோதிக்: ஒரு வசைச்சொல்லின் வரலாறு

சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கடந்து செல்லாதவர் நம்மில் குறைவு. வெண்ணிறக் கோபுரமும், மேலே கூராக முடியும் சன்னல்களும் தொலைவிலிருந்தே தெரியும். இந்தக் கட்டட அமைப்பை ஆங்கிலத்தில் 'கோதிக்' என்னும் பெயரடையால் குறிக்கிறார்கள். இச்சொல்லின் கதையை இன்று பார்ப்போம்.

கோத் என்போர் ஜெர்மானிய இனத்தவர். கி.பி. 410இல் அலாரிக் என்னும் தலைவனின் கீழ் ரோமாபுரியைச் சூறையாடியவர்கள். ஸ்பெயினில் அவர்கள் அமைத்த அரசும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீழ்ந்தது. கூர்வளைவுகள் கொண்ட கட்டடப் பாணியோ அதன்பின் நானூறு ஆண்டுகள் கழித்துப் பிரான்சில் உருவாயிற்று. பாரிசுக்கு அருகிலுள்ள செயின்ட் டெனி மடாலயத்தில் 1144இல் அர்ப்பணிக்கப்பட்ட பகுதியை அதன் தொடக்கம் என்பர். ஆகவே, கோத் மக்கள் இதில் ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை.

பின் அவர்கள் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? பழைய ரோமானியரின் கலையே கலை என்று போற்றிய இத்தாலியர்களுக்கு இப்பாணி பிடிக்கவில்லை. வசாரி என்பவர் 1550இல் வெளியிட்ட கலைஞர் வரலாற்று நூலில், இது ரோமைப் பாழாக்கிய கோத்களின் வேலை என்று பழி சுமத்தினார். ஆங்கிலத்திலும் 17ஆம் நூற்றாண்டில் 'கோதிக்' என்றால் முரடானது, நாகரிகமற்றது என்று பொருள். நாம் 'காட்டுமிராண்டித்தனம்' என்கிறோமே, அதுபோல.

அடுத்த நூற்றாண்டில் காற்று திசை மாறியது. ஹொரேஸ் வால்போல் தம் திகில் நாவலின் இரண்டாம் பதிப்பில், 1765இல், 'ஒரு கோதிக் கதை' என்று தாமே விரும்பிச் சேர்த்துக்கொண்டார். லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் 1834இல் தீக்கிரையானபோது, புதிய கட்டடம் கோதிக் பாணியிலோ எலிசபெத் காலப் பாணியிலோ அமையவேண்டும் என்று நிபந்தனையே விதித்தார்கள். முந்நூறு ஆண்டு வசை, நாட்டுப் பெருமையாகிவிட்டது! சொல் மாறவில்லை, சொன்னவர்களின் மனம் மாறிற்று.

அந்தப் பெருமையைத்தான் ஆங்கிலேயர் கப்பலேற்றி இங்கும் கொண்டுவந்தனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1862இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. வரைபடம் ரொனால்ட் மக்பெர்சனுடையது. உழைப்போ, இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளுடையது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, கரட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கலந்து அரைத்து, சுவரில் பூசி, பளபளக்கும்வரை தேய்த்தார்கள். 'மதராஸ் சுனாம்' என்று ஆங்கிலேயர் எழுதி வைத்தது நம்முடைய சுண்ணத்தைத்தான். மக்பெர்சனின் பெயர் நூல்களில் நிற்கிறது. சாந்து பூசியவர்களைக் 'கைதிகள்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கோதிக் என்ற பெயரோ, பிரான்சில் கல் செதுக்காத அந்த மக்களின் நினைவை இங்கேயும் சுமந்து நிற்கிறது.