எந்த ஹூலோ அசல் ஹூலோ?

இந்த எபிசோடை ஒரு சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் நண்பர்கள் ரெண்டு பேர், ரெண்டு பேருமே சினிமா டிஸ்க் சேர்க்கிறவங்க. எல்லாமே ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும்னு நாம நம்புற இந்தக் காலத்திலும் அலமாரி நிறைய ப்ளூரே அடுக்கி வைத்திருக்கிற ஆட்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் ‘மிஸ்யூ ஹூலோவின் விடுமுறை’ பார்க்கலாம்னு கூடினோம். டிஸ்க்கைப் போட்டால் ரெண்டு வடிவம் இருக்கு: 1953, 1978. எதைப் பார்ப்பது? முக்கால் மணி நேரம் வாக்குவாதம். படமே ஒன்றரை மணி நேரம்தான்!

தாத்தியைத் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1907-ல் பிறந்தவர், 1982-ல் இறந்தார். இயக்கிய முழுநீளப் படங்கள் வெறும் ஆறு. நெட்டையான உருவம், வாயில் பைப், கணுக்காலுக்கு மேலே நிற்கிற பேன்ட், முன்பக்கம் சாய்ந்த நடை. இதுதான் அவரே நடித்த ஹூலோ. வசனம் கிட்டத்தட்ட கிடையாது. கதவு சத்தம், செருப்பு சத்தம், நாற்காலி சத்தம், இதை வைத்தே சிரிக்க வைப்பார்.

சரி, சண்டைக்கு வருவோம். 1953-ல் வெளியான ‘விடுமுறை’ படத்தை தாத்தி அப்படியே விடவில்லை. அறுபதுகளில் ஒருமுறை வெட்டித் திருத்தினார். அது போதாதுன்னு, எழுபதுகளில் படம் எடுத்த அதே கடற்கரைக்குத் திரும்பப் போய் புதுசா ஒரு காட்சியே எடுத்தார். படத்தில் ஹூலோவின் சின்னப் படகு நடுவில் முறிந்து, ரெண்டு பக்கமும் மடங்கி அவரை உள்ளே போட்டு மூடிக்கும். தண்ணீரில் பார்த்தால் சுறா வாயைத் திறந்து மூடுவது மாதிரி இருக்கும். 1975-ல் ‘ஜாஸ்’ வந்து உலகமே சுறாவுக்குப் பயந்தது இல்லையா? கரையில் இருக்கிறவங்க அலறி ஓடுகிற காட்சியை எடுத்து, 1978 வடிவத்தில் சேர்த்துவிட்டார்.

ஒரு நண்பரோட வாதம் இது: “1953-ல் நடக்கிற படத்தில் 1975-ன் ஜோக் எப்படி வரும்? ஜனங்க கொண்டாடின படம் பழசுதான்.” இன்னொருவர், “எடுத்தவருக்கே திருத்த உரிமை இல்லைன்னா யாருக்கு இருக்கு? அவர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது எதுவோ, அதுதான் படம்” என்றார்.

அன்றைக்கு நான் ரெண்டாவது நண்பர் பக்கம். இயக்குநரின் கடைசி விருப்பம் என்பது தெளிவான விதி மாதிரி தெரிந்தது. பிறகு தாத்தியின் மற்ற படங்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்த விதி ஆட்டம் கண்டது.

முதல் படம் ‘ஜூர் த ஃபெத்’, அதாவது திருவிழா நாள். 1947-ல் செந்த்-செவேர் என்ற கிராமத்தில் எடுத்தது. தாம்ஸன்கலர் என்ற புதிய வண்ண முறையில் எடுக்க ஆசைப்பட்டார். ஆனால் அது சரியா வருமான்னு யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் பக்கத்திலேயே கறுப்பு-வெள்ளைக்கு இன்னொரு கேமரா. பயந்தது சரியாப் போச்சு. வண்ணப் பிரதி போட முடியவே இல்லை. 1949-ல் படம் கறுப்பு-வெள்ளையில் வெளியானது.

இதில் இழப்பு என்ன தெரியுமா? ஊர்க் கதவுகளுக்கு மங்கலான வண்ணம் அடிக்க வைத்து, ஜனங்களுக்கும் அடர்நிற உடை கொடுத்திருந்தார். திருவிழா வண்டிகள் வரும்போதுதான் ஊருக்குள் வண்ணமே வரணும், போகும்போது அதுவும் கூடவே போயிடணும். படத்தோட யோசனையே அதுதான். கறுப்பு-வெள்ளையில் அது தெரியவே தெரியாது. 1964-ல் சில பொருள்களுக்கு மட்டும் வண்ணம் பூசி, ஒரு ஓவியர் பாத்திரத்தைப் புதுசா எடுத்துச் சேர்த்து, இன்னொரு வடிவம் கொண்டு வந்தார். உண்மையான வண்ணப் படம் 1995-ல்தான் வந்தது. அவர் மகள் சோஃபி தத்திஷெஃபும் ஒளிப்பதிவாளர் ஃபிரான்சுவா எத்தும் பழைய வண்ண நெகட்டிவிலிருந்து மீட்டார்கள். அதற்குள் தாத்தி இறந்து 13 வருடம் ஆகிவிட்டது.

இப்போ சொல்லுங்க, இயக்குநரின் விருப்பம் எது? அவர் கையால் முடித்த 1964-ஆ, அவர் கனவு கண்டு, கண்ணால் பார்க்காமலே போன 1995-ஆ?

அடுத்தது ‘ப்ளேடைம்’. இங்கேதான் எனக்கு மனசு கனத்தது.

பாரிஸுக்கு வெளியே கண்ணாடிக் கட்டிடங்கள், சாலைகள், சொந்த மின் நிலையம் என்று ஒரு நகரத்தையே செட்டாகப் போட்டார். அதற்குப் பேரே ‘தாத்திவில்’. 70 மில்லிமீட்டர் ஃபிலிமில், சுமார் மூன்று வருடம் எடுத்தார். இதில் க்ளோஸப் கிடையாது. ஒரே ஃப்ரேமில் நாலைந்து ஜோக் ஒரே நேரத்தில் நடக்கும், எதைப் பார்க்கணும்னு அவர் சொல்ல மாட்டார். ஒரு உணவகத்தில் கண்ணாடிக் கதவு உடைந்துபோகும். வாயில்காப்பாளர் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, இல்லாத கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார். வருகிறவர்களும் மரியாதையாக அந்த வழியே நுழைவார்கள்!

1967 டிசம்பரில் வெளியானபோது படம் இரண்டரை மணி நேரத்துக்கும் சற்று மேல். கூட்டம் வரவில்லை. செலவு மலை அளவு. படம் ஓட ஓட தாத்தியே வெட்ட ஆரம்பித்தார். எவ்வளவு வெட்டியும் கடன் தீரவில்லை. வீடு போனது, படங்களின் உரிமையே கைவிட்டுப் போனது. தாத்திவில்லையும் இடித்துவிட்டார்கள். இன்று நமக்குக் கிடைக்கிற ‘ப்ளேடைம்’ 124 நிமிடம். அது 2002-ல் மீட்டெடுக்கப்பட்டது. மீதி அரை மணி நேரம் இல்லை.

வெட்டியது தாத்தியின் கைதான். அதனால் அதை அவர் விருப்பம்னு சொல்லலாமா? கடன்காரர் வாசலில் நிற்கும்போது எடுக்கிற முடிவை விருப்பம்னு எப்படிச் சொல்றது? எனக்கு அந்த விதி உடைந்தது இங்கேதான்.

2014-ல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் தாத்தியின் முழுத் தொகுப்பை வெளியிட்டபோது, எது அசல் என்று தீர்ப்பு சொல்லவில்லை. ‘ஜூர் த ஃபெத்’ மூன்று வடிவம், ‘விடுமுறை’ இரண்டு வடிவம். ‘மொன் ஓங்க்ல்’, அதாவது ‘என் மாமா’, 1958 படம். அதில் பெயர்ப்பலகைகளைக்கூட ஆங்கிலத்தில் மாற்றித் தனியாக எடுத்த ‘மை அங்கிள்’ வடிவமும் உண்டு. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது இந்த வருடத்துப் படம்னு எழுதி விட்டார்கள். ‘ப்ளேடைம்’ ஒன்றே ஒன்று. ஏன்னா, சண்டை போடறதுக்கு வேற வடிவம் மிச்சமில்லை.

டிஸ்க் சேர்க்கிறவங்களை நானும் கேலி செய்திருக்கேன். இப்போ செய்யறதில்லை. ஸ்ட்ரீமிங்கில் ஒரு வடிவம்தான் இருக்கும். அது எந்த வருடத்துடையதுன்னுகூடப் பல சமயம் போட்டிருக்காது. எது மாறிச்சு, எது போச்சுன்னு ஞாபகம் வைத்திருப்பது இந்தச் சண்டைக்கார ஆட்கள்தான்.

ஒரு சின்ன ஒப்புதல் வாக்குமூலம். ‘ப்ளேடைம்’ படத்தை முதலில் லேப்டாப்பில் பார்த்தேன், தூங்கிட்டேன். அதே நண்பர் வீட்டுச் சுவரில் புரொஜெக்டர் வைத்துப் பார்த்தபோது, மூணு பேரும் மூணு வேற வேற மூலையைப் பார்த்துச் சிரிச்சோம். அதனால் நீங்களும் கிடைக்கிற பெரிய திரையில் பாருங்க, கூட ரெண்டு பேரைச் சேர்த்துக்கோங்க.

அன்றைக்கு எந்த வடிவம் பார்த்தோம்னு கேட்பீங்க. 1953. அடுத்த ஞாயிறு 1978. சுறா வந்ததும் அதிகமாகச் சிரிச்சது, அந்தக் காட்சி கூடாதுன்னு வாதாடின நண்பர்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.