பணக்காரர் யார்: இந்தியாவில் செல்வத்தின் எல்லைக்கோடு

எவ்வளவு வருமானமோ சொத்தோ இருந்தால் ஒருவரைப் பணக்காரர் என்று கொள்ளலாம் என்பதற்கு இந்தியச் சட்டத்திலோ அரசின் புள்ளிவிவரங்களிலோ ஒரே வரையறை கிடையாது. வறுமைக்கு உண்டு. டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12இல் கிராமத்தில் ஒருவர் மாதம் 816 ரூபாய்க்கு மேலும் நகரத்தில் 1,000 ரூபாய்க்கு மேலும் செலவிட்டால் அவர் வறுமைக்கோட்டைத் தாண்டியவர். 2014இல் ரங்கராஜன் குழு இதை 972, 1,407 என உயர்த்தியது. இந்தச் சில நூறு ரூபாய்களைச் சுற்றி நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. மேல்முனையில் அப்படியொரு பொதுக்கோடு இல்லை. வரித்துறை, இடஒதுக்கீட்டு விதிகள், பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம், தனியார் ஆய்வு நிறுவனங்கள் ஆகியவை தத்தம் தேவைக்கு வரைந்துகொண்ட கோடுகள் மட்டுமே உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு வருமானத்தை அளக்கின்றன. ஆனால் செல்வத்தின் அளவுகோல் உடைமையாகவே இருக்க வேண்டும். சம்பளம் நின்றாலும் குடும்பத்தின் வாழ்க்கைத்தரம் சரியாமல் தாங்கக்கூடிய சொத்து இருக்கிறதா என்பதே சரியான கேள்வி. கிடைக்கும் சான்றுகள் அந்தப் பக்கமே சாய்கின்றன.

வருமானக் கோடுகளில் மிகவும் அறியப்பட்டது 8 லட்சம் ரூபாய். இந்திரா சாஹ்னி வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை ஒட்டி, பிற்படுத்தப்பட்டோரில் வளமான பிரிவினரை, அதாவது கிரீமி லேயரை, விலக்குவதற்கு 1993இல் ஆண்டுக்கு 1 லட்சம் என்று வரம்பு வைக்கப்பட்டது. அது படிப்படியாக உயர்ந்து 2017இல் 8 லட்சமானது. 2019இல் 103ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக முற்பட்ட வகுப்பினரில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு வந்தபோது, அங்கும் அதே 8 லட்சமே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஓரிடத்தில் வளமானவரைப் பிரித்தெடுக்கும் எண், மற்றோரிடத்தில் நலிந்தவரை அடையாளம் காட்டும் எண்ணாகிவிட்டது. கணக்கிடும் முறையும் வேறு. கிரீமி லேயர் வருமானச் சோதனையில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. நலிந்த பிரிவினருக்கான கணக்கில் இரண்டும் சேரும். அப்போது ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினாலே வருமான வரி வரம்புக்குள் வந்துவிட வேண்டியிருக்க, 8 லட்சம் வரை உள்ளவர் எப்படி நலிந்தவராவார் என்று கேட்டு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடரப்பட்டது. நியாயமான கேள்வி அது.

வருமானக் கோடு எவ்வளவு வலுவற்றது என்பதைத் தமிழ்நாடு இதற்கு வெகுமுன்பே கண்டிருக்கிறது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டிய குடும்பங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு கிடையாது என்று ஆணையிட்டது. கடும் எதிர்ப்பு எழுந்தது. 1980 நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. படுதோல்வி கண்டபின் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடும் 31இலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தது. சமூக இழிவு சம்பள உயர்வால் நீங்கிவிடாது என்பது அன்றைய எதிர்ப்பின் மையமான வாதம். அதோடு இன்னொன்றும் உண்டு. மாதம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கிய அரசு ஊழியரின் வருமானம் காகிதத்தில் தெரியும். நிலத்திலிருந்தும் வட்டிக்கடையிலிருந்தும் அதைப்போலப் பல மடங்கு ஈட்டியவரின் வருமானம் தெரியாது. வருமானத்தை அளக்கும் எந்தக் கோடும் ரசீது உள்ளவரைத்தான் முதலில் பிடிக்கும்.

வரித்துறையின் கோடுகள் இன்னும் மேலே இருக்கின்றன. 2025 பட்ஜெட்டுக்குப் பின் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. 24 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 30 விழுக்காடு. 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் தொடங்குகிறது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, ஆண்டு வருமானம் 2 கோடியோ, பாதியாவது நிதிச் சொத்தாக உள்ள 7.5 கோடி நிகரச் சொத்தோ இருப்பவரைத் தகுதிபெற்ற முதலீட்டாளராக ஏற்கிறது. ‘பிரைஸ்’ என்ற ஆய்வு அமைப்பு, 2020-21 விலையில் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு மேல் ஈட்டும் குடும்பத்தைப் பணக்காரக் குடும்பம் என்றது. 5 முதல் 30 லட்சம் வரை நடுத்தர வகுப்பு. இந்தியச் செல்வர்களை வரிசைப்படுத்தும் ஹுருன் பட்டியலில் இடம்பெற 1,000 கோடி சொத்து வேண்டும். 2024இல் அதில் 1,539 பேர் இருந்தார்கள். எட்டு லட்சத்துக்கும் ஆயிரம் கோடிக்கும் இடையே எந்த இடத்தில் நின்றும் ஒருவர் ‘நான் பணக்காரன் இல்லை’ என்று சொல்ல முடிகிறது என்றால், இந்தக் கோடுகளின் சிதறலும் அதற்கு ஒரு காரணம்.

மக்கள்தொகையில் யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் படம் வேறு. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் சார்பில் நிதின் பாரதி, லூகா ஷான்செல், தோமா பிக்கெத்தி, அன்மோல் சோமாஞ்சி ஆகியோர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, 2022-23ஆம் ஆண்டைக் கணக்கிட்டது. வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.9 லட்சம் ஈட்டினாலே மேல் பத்து விழுக்காட்டினுள் வந்துவிடுகிறார். மேல் ஒரு விழுக்காட்டுக்குள் நுழைய 20.7 லட்சம் போதும். கீழ்ப்பாதியினரின் சராசரி வருமானம் ஆண்டுக்கு 71,000 ரூபாய். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்காக 2022இல் வெளியான அறிக்கையும் மாதம் 25,000 ரூபாய் ஊதியம் பெறுபவர் ஊதியம் பெறுவோரில் மேல் பத்து விழுக்காட்டில் இருப்பதாகக் கண்டது. இந்த எண்ணைப் படித்த பலருக்கு நம்ப முடியவில்லை. சென்னையில் 25,000 ரூபாயில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கொடுத்துக் குடும்பம் நடத்துபவரைப் பணக்காரர் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, சொல்லவும் கூடாது. பெரும்பாலோர் மிகவும் ஏழையாக இருக்கும் நாட்டில், வரிசையில் மேலே நிற்பதால் மட்டும் ஒருவர் செல்வராகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அப்படியானால் கோட்டை உயர்த்தி, மேல் ஒரு விழுக்காட்டின் 20.7 லட்சத்தில் வைத்தால் போதாதா? போதாது. மென்பொருள் நிறுவனத்தில் ஆண்டுக்கு 25 லட்சம் வாங்கும் முப்பத்தைந்து வயதுக்காரரிடம் வீட்டுக்கடனும் காருக்கான தவணையும் மட்டும் இருக்கலாம். ஆட்குறைப்பு வந்தால் ஆறு மாதத்தில் நிலைமை தலைகீழாகும். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 2021-22இலும் 39.4 விழுக்காடு மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தது; ஒரு நீண்ட நோய் அவருடைய சேமிப்பைத் துடைத்துவிடும். இதற்கு மாறாக, நகரத்தில் நான்கு கடைகளை வாடகைக்கு விட்டு, கிராமத்தில் பத்து ஏக்கர் தோப்பும் வங்கியில் டெபாசிட்டும் வைத்திருப்பவர், கணக்கில் ஆண்டுக்கு 7 லட்சம் மட்டுமே காட்டலாம். வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. முன்னவருக்கு உழைக்கும் ஆற்றல் ஒன்றே முதல். அது வயதோடு கரையும். பின்னவருடைய உடைமை பிள்ளைகளுக்கும் போகும். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் ஆய்வில் மேல் ஒரு விழுக்காட்டினரின் பங்கு வருமானத்தில் 22.6 விழுக்காடு, சொத்திலோ 40.1 விழுக்காடு. வருமானத்தை மட்டும் பார்ப்பவர் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய பாதியைத் தவறவிடுகிறார்.

உடைமையை வைத்து ஒரு கோட்டைத் தோராயமாகக் கணக்கிட முடியும். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகரங்களில் மிக அதிகம் செலவிடும் 5 விழுக்காட்டினர் சராசரியாக ஆளுக்கு மாதம் 20,824 ரூபாய் செலவிட்டார்கள். நகரத்தின் பொதுச் சராசரி 6,459. நால்வர் குடும்பத்துக்கு அந்த மேல்நிலைச் செலவு ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தொடும். இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெருஞ்செல்வர்கள் அகப்படுவது அரிது. ஆகவே 10 லட்சம் என்பது வசதியான வாழ்வின் அளவு என்று கொள்வதே பொருத்தம், ஆடம்பரத்தின் அளவு அன்று. விலைவாசி உயர்வைக் கழித்தபின் சொத்து ஆண்டுக்கு 3 முதல் 3.5 விழுக்காடு வருவாய் தரும் என்று வைத்துக்கொண்டால், முதலைத் தொடாமல் ஆண்டுக்கு 10 லட்சம் எடுக்க ஏறத்தாழ 3 கோடி வேண்டும். குடியிருக்கும் வீடு இதில் சேராது, கடன் கழிக்கப்பட வேண்டும். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் கணக்கில், 2022-23இல் மேல் ஒரு விழுக்காட்டினுள் நுழைய ஒருவருக்குச் சுமார் 82 லட்சம் சொத்து போதுமானதாக இருந்தது. அந்த ஒரு விழுக்காட்டினரின் சராசரிச் சொத்து 5.4 கோடி. கணவன் மனைவி இருவரையும் சேர்த்துப் பார்த்தால் 3 கோடி இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் விழுகிறது. இந்திய நகரக் குடும்பம் ஒன்று செல்வக் குடும்பம் ஆவது இந்தப் புள்ளிக்கு அருகில்தான் என்பதே இங்கு எட்டப்படும் முடிவு. பெருஞ்செல்வம் வேறொரு படி, செபியின் 7.5 கோடிகூட அதன் வாசல்தான்.

சென்னையில் இரண்டு அடுக்குமாடி வீடுகள் இருந்தாலே 3 கோடி ஆகிவிடுமே, அவரையும் பணக்காரர் என்பதா என்ற மறுப்பு வரும். ஒன்றில் குடியிருந்து மற்றொன்றை வாடகைக்கு விடுபவருக்கு இரண்டாவது மட்டுமே கணக்கில் வரும்; அவர் கோட்டைத் தொடமாட்டார். தொட்டுவிட்டவர் தம்மைச் சாதாரணர் என்று உணர்வது, தமக்கு மேலிருப்பவரோடு ஒப்பிடுவதால். தேசிய மாதிரி ஆய்வு 2019இல் கண்ட நகரக் குடும்பத்தின் சராசரிச் சொத்து, வீட்டையும் சேர்த்தே 27.17 லட்சம். அந்தச் சராசரியையே மேலேயுள்ள சிலரின் சொத்து இழுத்து உயர்த்தியிருக்கிறது. நகரச் சொத்தில் 55.7 விழுக்காடு மேல் பத்தில் ஒரு பங்கினரிடம் இருந்தது, கீழ்ப்பாதியினரிடம் 6.2 விழுக்காடு மட்டுமே. ஊருக்கு ஊர் விலை மாறும் என்ற மறுப்புக்கு வலு உண்டு. ஆனால் மும்பைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே மிகப் பெரிய வேறுபாடு இருப்பிடத்தின் விலையில். குடியிருக்கும் வீட்டை விலக்கியதால் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. பல கோடி மதிப்புள்ள மாளிகையில் வாழ்பவர் இந்த விலக்கால் தப்பிவிடாதபடி, அந்த ஊரின் சாதாரண வீட்டு விலைக்கு மேற்பட்ட தொகையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நிலம் இதைவிடக் கடினமான வழக்கு. கிராமக் குடும்பங்களின் சொத்தில் பத்தில் ஏழு பங்கு நிலம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சாலையோரத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி, பத்திர மதிப்பில் கோடீஸ்வரராகவும் கையில் காசில்லாதவராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். அவர் விற்க வேண்டியதில்லை. ஆனால் மகளின் திருமணமோ மருத்துவச் செலவோ வந்தால் விற்க முடியும் என்பதே, அவரைக் குத்தகைதாரரிடமிருந்தும் கூலியாளிடமிருந்தும் பிரிக்கிறது. அதே நேரம் தஞ்சைக் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஐந்து ஏக்கரை அதே தராசில் வைக்க முடியாது. தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. 1961இல் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 என்றும் 1970இல் 15 என்றும் வைத்த வரம்பு, வெறும் ஏக்கரில் அளக்கப்படவில்லை. தீர்வையை வைத்து நிலத்தின் தரம் கணக்கிட்ட ‘ஸ்டாண்டர்டு ஏக்கரில்’ அளக்கப்பட்டது. விதிவிலக்குகளும் பினாமிப் பதிவுகளும் அதை நீர்த்துப்போகச் செய்தன என்பது உண்மை. ஆயினும் உடைமையின் தரத்தைப் பார்த்து மேல்வரம்பு வரைய ஓர் அரசால் முடியும் என்பதற்கு அந்தச் சட்டமே சான்று.

சொத்தை அளக்கவே முடியாது, சொத்து வரி தோற்றதே என்பது நிதித்துறை வட்டாரத்தில் அடிக்கடி எழும் வாதம். பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டரின் பரிந்துரையை ஒட்டி 1957இல் வந்த அந்த வரி 2015 பட்ஜெட்டில் கைவிடப்பட்டபோது, ஆண்டு வசூல் ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய்தான். ஆனால் அளக்க முடியாததால் வசூல் குறைந்தது என்று கொள்வது வரலாற்றை மறப்பது. வரிச் சீர்திருத்தத்துக்கான செல்லையா குழுவின் பரிந்துரைக்குப் பின் பங்குகள் போன்ற நிதிச் சொத்துகள் அந்த வரியிலிருந்து எடுக்கப்பட்டன. நகை, கார், காலிமனை, கூடுதல் வீடு போன்றவையே எஞ்சின. பெருஞ்செல்வம் பங்குச்சந்தைக்கு இடம்பெயர்ந்த அதே காலத்தில் பங்கை விட்டுவிட்டு நகையை எடைபோட்டால் வசூல் எப்படிப் பெருகும்? இன்று பங்கும் மியூச்சுவல் ஃபண்டும் டீமேட் கணக்கில், வங்கி இருப்பு பான் எண்ணோடு, பத்திரப்பதிவு கணினியில். அளப்பதற்கான கருவிகள் 1957ஐவிடப் பன்மடங்கு கூடியிருக்கின்றன.

ஓய்வூதியமும் ஒரு சொத்தே. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் தேதிக்கு முன் அரசுப் பணியில் சேர்ந்தவர் மாதம் 50,000 ரூபாய் ஓய்வூதியம் பெற்றால், அகவிலைப்படியோடு இருபது ஆண்டுக்குக் கணக்கிட்டு அதன் இன்றைய மதிப்பு ஒரு கோடிக்கு அருகில் வரும். அதே பதவியில் அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத்தின்கீழ் வந்தவர், சம்பளத்தில் சமமாக இருந்தும் பல ஆண்டுகள் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தார். சம்பளத்தை மட்டும் பார்த்திருந்தால் இருவருக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது.

கோட்டைக் குடும்பத்துக்கு வரைவதா தனிமனிதருக்கா என்பதிலும் தீர்மானம் தேவை. நுகர்வு பொதுவாகக் குடும்பத்தில் பகிரப்படுகிறது. உடைமை அப்படிப் பகிரப்படுவதில்லை. 3 கோடியைத் தாண்டிய வீட்டில், வீடும் கடையும் பங்குகளும் கணவர் பெயரில் இருந்தால், மனைவி வசதியாக வாழ்பவர், ஆனால் செல்வர் அல்லர். மணமுறிவோ கைம்மையோ வரும் நாளில் அது வெளிப்படும். இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989இல் சட்டமாக்கியது. ஆனால் அதற்கு முன்பே மணமான மகள்களை விட்டுவிட்டது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. சட்டம் வந்த பின்னும் சகோதரர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் வழக்கம் தொடர்வதால், கோட்டுக்கு மேலே உள்ள குடும்பங்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், சொத்து யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் ஆளுக்கு ஆள் தனித்து எண்ண வேண்டும்.