கட்டிவைத்த மணிநேரங்கள்

தஞ்சோங் ரம்புத்தான் என்பதை ஊர்ப்பெயராகக் கேட்டதைவிட வசைச்சொல்லாகக் கேட்டதுதான் நம்மில் பலருக்கும் அதிகம். பள்ளியில் எவனாவது கொஞ்சம் வித்தியாசமாக நடந்துகொண்டால் போதும், 'இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புங்கடா' என்போம். 1911இல் பிரிட்டிஷ் ஆட்சி அங்கே மனநோயாளர் காப்பகம் ஒன்றைத் திறந்தது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. இப்படிப்பட்ட காப்பகங்கள் நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவை. அவற்றின் பழைய கதையைத் தேடிப் படித்தபோது ஓர் இரும்புக் கருவியும் ஓர் அட்டவணையும் என் மனதைவிட்டுப் போகவில்லை.

முதலில் கருவி. 1814இல் எட்வர்ட் வேக்ஃபீல்ட் என்பவர் லண்டனின் பெத்லம் மருத்துவமனையைப் பார்வையிடப் போனார். அங்கே நோரிஸ் என்ற நோயாளியின் கழுத்தில் இரும்பு வளையம் மாட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு குட்டைச் சங்கிலி. அதன் மறுமுனை, ஆளுயரத்துக்கு நட்ட இரும்புக் கம்பத்தில் மேலும் கீழும் நகரும். உடம்பைச் சுற்றி இரும்புப் பட்டை. கைகளும் அதற்குள் சிறைப்பட்டிருந்தன. நோரிஸ் எழுந்து நிற்கலாம், மல்லாந்து படுக்கலாம். அவ்வளவுதான். இப்படியே பல வருடங்கள். அவரோ பத்திரிகை படிப்பவர். வந்தவர்களிடம் தெளிவாகப் பேசினார்.

ஏன் இப்படியொரு கருவி? நோரிஸின் மணிக்கட்டு பெரியது, கை சிறியது. விலங்கு போட்டால் கழன்றுவிடும் என்றார்கள். அதனால் அவருக்கென்றே தனியாகச் செய்தார்கள். பொறியியல் படித்தவனாகச் சொல்கிறேன், வடிவமைப்பில் அதில் குறையே இல்லை. 'இந்த ஆளை அசையாமல் வைப்பது எப்படி?' என்ற கேள்விக்கு அது சரியான விடை. கேள்விதான் தப்பு. 1815இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது இந்தக் கதை நாடெங்கும் பரவியது.

கேள்வியை மாற்றியது லிங்கன் நகரத்தின் சிறிய காப்பகம். 1829இல் அங்கே ஒரு நோயாளி, கைகளை முடக்கும் சட்டையோடு கட்டிலில் கட்டப்பட்ட நிலையில் இரவில் இறந்துபோனார். மருத்துவர் எட்வர்ட் சார்ல்ஸ்வொர்த்தின் முயற்சியால் ஒரு விதி வந்தது: இரவில் யாரையாவது கட்டிவைத்தால் பணியாளர் ஒருவர் அதே அறையில் விடியும்வரை உடனிருக்க வேண்டும். கட்டுவதை எழுதிவைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. எத்தனை பேர், எத்தனை முறை, எத்தனை மணிநேரம்.

அந்த அட்டவணையைப் பாருங்கள். 1829இல் 72 நோயாளிகள். கட்டப்பட்டது 1,727 முறை, 20,424 மணிநேரம். ஒரே ஆளை இரவும் பகலுமாகக் கட்டிவைத்தால் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகும். 1830இல் இது இன்னும் கூடி 27,000 மணிநேரத்தைத் தாண்டியது. பிறகு இறங்க ஆரம்பித்தது. 1834இல் 6,597. 1836இல் 334. 1837இல் 28. 1838இல் பூஜ்யம். அப்போது நோயாளிகளின் எண்ணிக்கை 148, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்!

கடைசிப் படிகளை இறங்கவைத்தவர் ராபர்ட் கார்டினர் ஹில். 1835இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு 24 வயது. 1838இல் அவர் இதைப் பற்றி உரையாற்றிய இடம், தொழிலாளர்கள் படிப்பதற்காக அமைந்த கழகம். அவர் கேட்டவை சாதாரண விஷயங்கள்: ஏற்ற கட்டடம், போதிய பணியாளர்கள், இரவுக் காவல், நல்ல குணமுள்ளவர்கள் வேலைக்கு வரும் அளவுக்குச் சம்பளம். இந்தப் பட்டியலில் நோயைப் பற்றி ஒன்றுமே இல்லை. கட்டியது நோயின் தேவைக்காக மட்டுமல்ல. ஆள் போதவில்லை என்பதற்காகவும்தான். எதிர்ப்பு தாங்காமல் ஹில் 1840இல் விலகினார். 1839இல் சுமார் 800 நோயாளிகள் இருந்த ஹான்வெல் காப்பகத்தில் கட்டிவைப்பதை ஒழித்த ஜான் கொனோலிக்கே புகழ் போய்ச் சேர்ந்தது.

அட்டவணை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தனியறையில் பூட்டிவைத்த நேரம் அதில் இல்லை. பணியாளர்கள் கையால் அழுத்திப் பிடித்த நேரமும் இல்லை. 1950களுக்குப் பிறகு மாத்திரையும் ஊசியும் வந்து, வார் செய்த வேலையைச் சில இடங்களில் அவை செய்தன. எதை எண்ணுகிறோமோ அது குறையும். எண்ணாதது வேறு பெயரில் வரும். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் எண்ணாமலே விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான்.

2001 ஆகஸ்ட் 6. தமிழ்நாட்டின் ஏர்வாடி. தர்காவுக்கு வரும் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றின் ஓலைக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். லிங்கனில் அந்த இரவு விதி வந்து அப்போது 172 வருடங்கள் ஆகியிருந்தன.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்கிறது. வேறு வழியில் கட்டுவதற்கும் நிபந்தனைகள் உண்டு: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இருக்கக் கூடாது; மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும்; எப்படி, ஏன், எவ்வளவு நேரம் என்பதை உடனே எழுதிவைக்க வேண்டும்; மாதாமாதம் அறிக்கை போக வேண்டும். கிட்டத்தட்ட லிங்கனின் அதே பதிவேடுதான். அடுத்த முறை 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று யாராவது சிரித்தால், அங்கே இன்றிரவு பணியில் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கலாம்.